பொதுநிலையம் நிலைபெறும் வழி

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



பட்டினத்தின் நடுவே ஒரு பொதுநிலையத்தை அமைத்து, அதனை நெடுங்காலம் நிலைபெறச் செய்வது எவ்வாறு என்பதே இன்று நமக்குத் தரப்பட்ட பொருள். இது வெறும் பேச்சுக்காக எடுத்துக்கொண்ட பொருளன்று. சங்கத்தின் கட்டட நிதி ஓரளவு சேர்ந்திருக்கும் இவ்வேளையில், அதனைக் கொண்டு யாது செய்வது என்பதில் நம்மிடையே இரு கருத்துக்கள் உலவுகின்றன. மதில் எழுப்பி, இரும்புக் கதவு இட்டு, விவாக வைபவங்களுக்கு வாடகைக்கு விடத்தக்க பெரிய மண்டபம் ஒன்றைக் கட்டுவோம் என்பது ஒரு சாரார் கருத்து. பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையில் வெறுமையாய்க் கிடக்கும் பொதுக் காணியிலே, நகர சபையின் இசைவைப் பெற்று, எவரும் வந்து இருக்கவும் வாசிக்கவும் கூடிப் பேசவும் ஏற்ற திறந்த நிலையம் ஒன்றை அமைப்போம் என்பது மற்றொரு சாரார் கருத்து. இரு சாராரும் சங்கத்தின் நன்மையையே நாடுகின்றனர் என்பதில் ஐயமில்லை.

நாம் பின்னைய கருத்தின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறோம். ஆனால், முன்னைய கருத்தினர் எழுப்பும் கேள்விகள் மிக நியாயமானவை. திறந்த இடத்தைப் பராமரிப்பவர் யார்? வேலையற்றோரும் குடிகாரரும் வந்து நிறைந்தால் என்ன செய்வது? வருமானம் எங்கிருந்து வரும்? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் கல் நாட்டுவோமாயின், பத்தாண்டு செல்லுமுன் அங்கே புல்லும் புதருமே மிஞ்சும். ஆதலின் இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முன்னோர் வைத்த பாடம்

பொதுநிலையம் என்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமையன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளில் இன்றும் அதன் சின்னங்களைக் காணலாம். வழிப்போக்கர் தங்க ஒரு மடம். அதனருகே ஒரு கேணி அல்லது கிணறு. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. மாடுகள் உடம்பை உரைஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல். அவை நீர் அருந்தக் கற்றொட்டி. இவற்றுக்கெல்லாம் நிழல் விரிக்க ஓர் ஆலமரம் அல்லது வேம்பு. இவற்றை அமைத்தோர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கட்டடக்கலை பயின்றவரல்லர். ஆயினும், நடந்து வருபவனுக்கு என்ன வேண்டும், சுமந்து வருபவளுக்கு என்ன வேண்டும், வாய் பேசாத மாட்டுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டு, அதன் பின்னரே கல்லை எடுத்தவர்கள். தேவையை அறிந்த பின்னரே வடிவத்தை எண்ணுதல் வேண்டும் என்பது அவர்கள் வைத்த முதலாவது பாடம்.

பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடத்தைப் பாருங்கள். அது வீதியை விட்டு ஒதுங்கி நிற்கவில்லை; வீதியையே தன் கூரைக்குள் எடுத்துக்கொண்டது. இருபுறமும் கற்றூண்கள் தாங்கும் உயர்ந்த திண்ணைகள், நடுவே போக்குவரத்து. களைத்தவன் தன் வழியை விட்டு ஓரடி விலகாமலே இளைப்பாறலாம். பொதுநிலையத்தை மக்கள் தேடிச் செல்லும் மூலையில் வைக்கலாகாது, அவர்கள் எப்படியும் கடந்து செல்லும் வழியிலே வைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது பாடம். பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட காணியை நாம் விரும்புவதற்குக் காரணம் இதுவே. அவ்வழியே ஆயிரம்பேர் நாள்தோறும் நடக்கின்றனர். நிற்பதற்கு நிழலின்றி நடக்கின்றனர்.

எனினும், பழமையைப் புகழ்வதோடு நின்றுவிடல் நேர்மையாகாது. பொது என்று பெயர் வைத்த கிணறுகளும், கோயில்களும், தேநீர்க் கடைகளும் நம் நாட்டில் எல்லார்க்கும் பொதுவாக இருக்கவில்லை. சாதியின் பேரால் ஒரு சாராரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்க 1957 ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதன் பின்னும் 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது. நாம் அமைக்கப்போகும் நிலையம் முன்னோரின் திண்ணையைப் பின்பற்றலாம். திண்ணையில் யார் இருக்கலாம் என்று அவர்கள் வகுத்த விதியைப் பின்பற்றலாகாது. நமது சங்கம் இந்து இளைஞர் சங்கமாயினும், பொதுக் காணியில் எழும் நிலையம் இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் சிங்களவருக்கும் ஒப்ப உரியது. இதனை ஏற்க மனமில்லையேல், பொதுக் காணியைக் கேளாதிருப்பதே முறை.

சிறிதாய்த் தொடங்கிப் பெரிதானது

இனி, நம் நாட்டிலேயே வளர்ந்த ஒரு பெரும் பொதுநிலையத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் மாளிகையாகத் தொடங்கவில்லை. 1933 ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா அவர்கள் தமது வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டில், 1934 இல், வாடகை அறை ஒன்றிலே 844 நூல்களோடு அது நூலகமாயிற்று. வாசகர் பெருகினர், அறை போதவில்லை, அதன் பின்னரே கட்டடம் எழுந்தது. 1954 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அத்திவாரக் கல் நாட்டப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் அவர்கள் வடிவமைக்க, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் ஆலோசனை வழங்க, 1959 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் முதற் பகுதி திறக்கப்பட்டது. சிறுவர் பகுதி 1967 இலும், மண்டபம் 1971 இலுமே வந்தன.

வீட்டிலே தொடங்கிய பணி கட்டடமாக இருபத்தாறு ஆண்டுகள் சென்றன என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். முதலில் பழக்கம், அடுத்து மக்கள், இறுதியில் கட்டடம் என்ற வரிசையில் அது வளர்ந்தது. 1981 ஆம் ஆண்டில் மே மாதம் முடிந்து யூன் மாதம் பிறந்த அந்த இரவிலே அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. ஏடுகள் மீளவில்லை. ஆனால் நூலகம் மீண்டது. அதே இடத்தில், அதே தோற்றத்தில் மீளக் கட்டப்பட்டு, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வாசகருக்குத் திறக்கப்பட்டது. அந்நூலகத்தைத் தம்முடையது என்று கருதிய மக்கள் ஒரு தலைமுறைக்கு முன்னரே உருவாகியிருந்தமையால் அன்றோ அது இயன்றது? கட்டடத்தை மட்டும் தந்து, மக்களைப் பின்னர் தேடலாம் என்று எண்ணுவோர்க்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிற நகரங்கள் கண்ட அனுபவம்

வெளிநாடுகளின் அனுபவத்தையும் சிறிது பார்ப்போம். நியூயோர்க் நகரின் மத்திய நூலகத்துக்குப் பின்புறம் பிறயன்ற் பூங்கா என்று ஒன்றுண்டு. தெருவைவிட உயர்ந்த தளத்தில், இரும்பு வேலியும் அடர்ந்த செடிவேலியும் சூழ அது அமைந்திருந்தது. வெளியே நிற்பவர்க்கு உள்ளே நடப்பது தெரியாது. 1970 ஆம் ஆண்டுகளில் அது போதைப்பொருள் விற்போரின் இருப்பிடமாயிற்று. வில்லியம் வைற் என்னும் ஆய்வாளர் அதனை ஆராய்ந்து, வேலியே நோய், மக்களே மருந்து என்ற பொருள்பட ஆலோசனை கூறினார். 1988 இல் பூங்காவை மூடித் திருத்தம் செய்தனர். வாயில்களை அகலமாக்கினர், செடிவேலியை அகற்றினர், சிற்றுண்டிக் கடைகளை அமைத்தனர், தரையிற் பிணைக்காத கதிரைகளை ஆயிரக்கணக்கில் போட்டனர். 1992 இல் திறந்தபோது மக்கள் வந்து நிறைந்தனர். தீயோர் தாமாகவே ஒதுங்கினர். குடிகாரர் வருவரே என்று அஞ்சும் நம் பெரியோர்க்கு இது தக்க விடையாகும். மறைவான இடத்தையே தீயோர் நாடுவர். நல்லோரின் கண்கள் பல விழும் தெருவே காவலுள்ள தெரு என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையாரும் 1961 இல் வெளிவந்த தமது நூலிலே நிறுவியிருக்கிறார்.

அதே வைற் அவர்கள் நகரச் சதுக்கங்களைப் படக்கருவி கொண்டு பல மாதம் கவனித்து, 1980 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதிலே அவர் கண்ட முடிவு சிரிப்பூட்டுமளவு எளிமையானது. இருக்க இடமுள்ள இடத்திலேயே மக்கள் இருக்கின்றனர் என்பதுதான் அது! இருக்க இடமில்லாத சதுக்கங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஓரடி முதல் மூன்றடி வரை உயரமுள்ள வெறும் திண்ணைச் சுவர் உள்ள இடங்கள் நிறைந்திருந்தன. பெண்களின் தொகை குறைந்த இடத்தில் ஏதோ குறை உளது என்பதும் அவர் கண்ட இன்னொரு முடிவு.

பிறேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில், கைவிடப்பட்ட பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றை இடித்துவிட்டுப் பொழுதுபோக்கு நிலையம் கட்ட எண்ணினர். லீனா போ பார்டி என்னும் பெண் கட்டடக் கலைஞர் அவ்விடத்தைப் பார்க்கச் சென்றபோது, ஒழுகும் கூரையின் கீழே பிள்ளைகள் ஓடி விளையாடுவதையும் தாய்மார் இறைச்சி வாட்டிச் சமைப்பதையும் கண்டார். மக்கள் ஏற்கெனவே தமதாக்கிக்கொண்ட இடத்தை இடிப்பதா என்று எண்ணி, பழைய செங்கற் கட்டடத்தை அப்படியே வைத்து, நூலகமும் தொழிற்கூடமும் உணவுச்சாலையும் அரங்கும் ஆக்கினார். 1982 இல் திறந்த அந்நிலையம் இன்றும் மக்கள் நிறைந்து விளங்குகிறது. உள்ளதை இடியாது பயன்படுத்துவது பணத்தையும் பொருளையும் ஒருங்கே மீதப்படுத்துகிறது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலிலிருந்து வருகின்றது என்பதை எண்ணும்போது இதன் அருமை விளங்கும்.

மாறான உதாரணமும் உண்டு. கொலம்பியா நாட்டின் மெதலின் நகரில், வறியோர் வாழும் மலைச்சரிவில் 2007 ஆம் ஆண்டில் நூலகப் பூங்கா ஒன்று எழுந்தது. உலகின் சஞ்சிகைகள் எல்லாம் அதன் படத்தை வெளியிட்டன. அதன் நோக்கம் மிக உயர்ந்தது. மக்களும் விரும்பி வந்தனர். ஆயினும் சில ஆண்டுகளிலே முகப்பிற் பதித்த கற்கள் கழன்றன. கட்டடத்தை மூட நேர்ந்தது. பல்லாண்டு அது மூடியே கிடந்தது. படத்துக்கு அழகான கட்டடம் மழைக்கும் வெயிலுக்கும் நின்று பிடிக்க வேண்டும். ஊர்க் கொத்தனார் ஏணி வைத்து ஏறிப் பழுது பார்க்க முடியாத எதனையும் நாம் கட்டலாகாது என்பதே நமக்கு அதனால் வரும் படிப்பினை.

வெயில், காற்று, மழை

இப்பொழுது நமது காணிக்கு வருவோம். நமது சுவாத்தியத்தில் பொதுநிலையத்தின் முதலாவது அங்கம் கூரையன்று, மரமே. வேம்பு, இலுப்பை, மருது ஆகியவை நிழல் தரப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே அத்திவாரக் கல்லை நாட்டுமுன் மரக்கன்றை நாட்டுதல் வேண்டும். கட்டடப் பணி மூன்றாண்டு தாமதித்தாலும் மரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காணியில் ஏற்கெனவே நிற்கும் மரங்களில் ஒன்றையும் தறிக்காமல், அவற்றுக்கு இணங்கக் கட்டடத்தை வளைத்துப் போடலாம்.

கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டிருத்தல் நன்று. காலை வெயிலும் மாலை வெயிலும் தாழ்ந்து வந்து சுவரைச் சுடுவன. ஆதலால் கிழக்கு மேற்குச் சுவர்கள் குறுகியவையாய், யன்னல் குறைந்தவையாய் இருத்தல் வேண்டும். வடக்கும் தெற்கும் தாராளமாய்த் திறந்திருக்கலாம். அகன்ற தாழ்வாரம் அப்பக்கங்களின் வெயிலைத் தடுத்துவிடும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும்; மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். இவ்விரு காற்றும் ஊடுருவிச் செல்ல வழி விட்டால், குளிரூட்டும் இயந்திரத்தின் தேவையே எழாது. கூரைக்கு ஓடு உகந்தது. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் இருந்து பார்த்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. பெய்யும் மழையும், அது சுண்ணக்கற் பாறையுள் இறங்கித் தங்கும் நிலத்தடி நீருமே நமது செல்வம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் கொட்டி முடிகிறது. ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். நமது கூரை 300 சதுர மீற்றராயின், சிதறுவதும் ஆவியாவதும் நூற்றுக்கு இருபது போக, ஆண்டுக்கு 2,88,000 லீற்றர் நீரை அது தரும். இத்தனையையும் தொட்டியில் அடைக்க இயலாது. ஐம்பதினாயிரம் லீற்றர் கொள்ளும் தொட்டி ஒன்றை அமைத்து, மிகுதியை மணலும் சரளையும் நிரப்பிய குழி வழியாக நிலத்துக்குள் விடுவோம். நாம் எடுப்பதைவிட மிகுதியாக நிலத்துக்குக் கொடுக்கும் நிலையமாக அது அமையும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சுண்ணக்கற் பாறை நல்ல நீரை விரைந்து உட்கொள்வது போலவே அழுக்கு நீரையும் விரைந்து உட்கொள்ளும். ஆகவே நிலையத்தின் மலசலகூடத்துக்கு அடியும் பக்கமும் பூசி மூடிய தொட்டியே வேண்டும். வெறுங் குழி தோண்டி விடுதல் அயலவரின் கிணற்றுக்குச் செய்யும் தீங்காகும். மலசலகூடத்தைப் பற்றி மேடையிற் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். நம் பட்டினங்களிலே பெண்கள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் சந்தைக்கு வந்து போவதன் காரணம் யாது என்று அவர்கள் தம் வீட்டுத் தாய்மாரிடம் கேட்டறிவாராக. சுத்தமான, பூட்டுள்ள, விளக்குள்ள மலசலகூடம் ஒன்றே நமது நிலையத்துக்குப் பாதி மக்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, கூரையின் தென்புறத்தில் ஐந்து கிலோவாற்றுச் சூரியத் தகடுகளைப் பதித்தால், நாளொன்றுக்குப் பதினேழு முதல் இருபது அலகு வரை கிடைக்கும். பத்து வாற்று விளக்குகள் நாற்பது ஐந்து மணித்தியாலம் எரிய இரண்டு அலகும், அறுபது வாற்று மின்விசிறிகள் பன்னிரண்டு எட்டு மணித்தியாலம் சுழல ஏறத்தாழ ஆறு அலகும் போதும். மிகுதி, குடிநீரை ஏற்றும் இயந்திரத்துக்கும் கணினிகளுக்கும் தாராளம்.

யாருக்கு எந்த இடம்?

காலையில் வருபவர் முதியோர். பத்திரிகையும் பேச்சும் அவர்களுக்கு வேண்டும். நண்பகலில் சந்தைப் பெண்களும் தூர இடத்துப் பயணிகளும் வருவர். நிழலும் நீரும் திண்ணையும் வேண்டும். பிற்பகலில் பிள்ளைகள்; அவர்களுக்கு மணலும் ஏறி விளையாடச் சில கம்பிகளும் போதும். அம்ஸ்ரர்டாம் நகரில் அல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர், போரினால் வெறுமையான மூலைமுடுக்குக் காணிகளிலெல்லாம் மணற்குழியும் கற்களும் வளைகம்பிகளும் மட்டும் கொண்டு, 1947 முதல் முப்பதாண்டுகளில் எழுநூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றேனும் அவற்றில் இல்லை. மாலையிலும் இரவிலும் மாணவர் வருவர். வீட்டில் தனி மேசையில்லாத பிள்ளைக்கு ஒளியுள்ள அமைதியான அறை ஒன்று இரவு ஒன்பது மணிவரை திறந்திருப்பது எத்துணைப் பேருதவி! ஒரே இடத்தை நாளில் நான்கு முறை நால்வகையினர் பயன்படுத்தினால், அது ஒருபொழுதும் வெறுமையாய்க் கிடவாது.

சக்கரக் கதிரையில் வருவோரை மறத்தல் தகாது. நம் நாட்டிலே போர் பலரின் கால்களைக் கவர்ந்துள்ளது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவிலே சாய்தளம் அமைத்தல் வேண்டும். பொதுக் கட்டடங்களில் இவ்வசதி அவசியம் என்பது 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளிலும் உள்ளது. அச்சாய்தளம் பின்வாசலில் அன்று, முன்வாசலிலேயே இருத்தல் வேண்டும்.

பணமும் பராமரிப்பும்

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு வருவோம். கட்டுதல் ஒரு முறை, கூட்டுதல் நாள்தோறும். நம் ஊர்களில் எத்தனையோ வாசிகசாலைகள் பலரின் நன்கொடையால் எழுந்து, ஓடு மாற்ற ஆளின்றி இடிந்தன. அவற்றைக் கட்டியவர்களின் பெயர் சுவரிலே பொறிக்கப்பட்டிருக்கும். கூட்டியவரின் பெயரை ஒருவரும் பொறித்ததில்லை.

ஆகவே நாம் இரண்டு யோசனைகளைச் சபையின் முன் வைக்கிறோம். முதலாவது, சேர்ந்த நிதியில் ஐந்திலொரு பங்கைக் கட்டடத்துக்குத் தொடாமல், பராமரிப்பு முதலாக வைப்பிலிடுதல் வேண்டும். இதனால் கட்டடம் சிறிதாகும், சிறிதாகட்டும். இரண்டாவது, நிலையத்திலேயே வருமானம் பிறக்கும் வழிகளை வரைபடத்திலேயே இடம்பெறச் செய்தல் வேண்டும். தேநீர்க் கடை ஒன்று, துவிச்சக்கரவண்டித் தரிப்பிடம் ஒன்று, படப்பிரதி எடுக்கும் அறை ஒன்று, நூறுபேர் அமரும் சிறு கூடம் ஒன்று. அக்கூடத்தைச் சிறு வைபவங்களுக்கு வாடகைக்கு விடலாம். மண்டபம் வேண்டும் என்போரின் விருப்பம் இவ்வாறு ஒரு பகுதியேனும் நிறைவேறும். ஆனால் கூடத்தில் வைபவம் நடக்கும் நாளிலும் திண்ணையும் தண்ணீரும் வாசிக்கும் அறையும் பொதுமக்களுக்குத் திறந்தே இருத்தல் வேண்டும் என்பது மாறா விதியாகுக.

நிர்வாகம் யார் கையில்? பொதுச் சொத்துக்கள் எவ்வாறு நிலைக்கின்றன என்பதை உலகெங்கும் ஆராய்ந்து 1990 இல் நூல் எழுதி, 2009 இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ற்றம் அம்மையார், மீன்பிடித் துறைகளிலும் நீர்ப்பாசன வாய்க்கால்களிலும் ஒரே உண்மையைக் கண்டார். பயன்படுத்துவோரே விதி வகுத்து, அவர்களே கண்காணித்து, மீறியவருக்குச் சிறிதிலிருந்து படிப்படியாகத் தண்டம் விதிக்கும் இடங்களில் பொதுச் சொத்து தலைமுறைகள் தாண்டி நிற்கிறது. இதன்படி, நிலையத்தின் குழுவிலே சங்கத்தினர் பாதிக்கு மேல் இருத்தலாகாது. சந்தை வியாபாரிகள், முச்சக்கரவண்டிச் சாரதிகள், மாணவர், தாய்மார் ஆகியோரின் பிரதிநிதிகளும் இடம்பெறுதல் வேண்டும். நாள்தோறும் அங்கே நிற்பவர் அவர்களே. குழாய் உடைந்தால் முதலில் காண்பவரும் அவர்களே. வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பெரிய எழுத்தில் வாசலிலே தொங்குதல் வேண்டும்.

சங்கத்தின் பணத்தில் கட்டியதைப் பிறர் கையில் ஒப்படைப்பதா என்ற கேள்வி சிலர் உள்ளத்தில் எழுவது நமக்குத் தெரிகின்றது. கேணி வெட்டிய தருமவான் அதில் யார் மொள்ள வேண்டும் என்று காவல் இருந்தானில்லை. காவல் இருந்த இடங்களை இன்று நாம் பெருமையோடு நினைப்பதுமில்லை. சங்கத்தின் பெயர் நிலைக்க வேண்டுமாயின், அது மக்களின் வாயிலே நிலைக்கட்டும்.

இளைஞர் இப்பொழுது செய்யத்தக்கது

இளம் உறுப்பினர்களே, வரைபடமும் அனுமதியும் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளையே செய்யக்கூடிய காரியங்கள் உள. ஒரு வாரம், காலை ஏழு மணி முதல் இரவு எட்டு மணி வரை, முறை வைத்து அக்காணியருகே நின்று எண்ணுங்கள். எத்தனைபேர் கடக்கின்றனர்? எத்தனைபேர் நிற்கின்றனர்? அவர்களிற் பெண்கள் எத்தனை, முதியோர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை? எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது? மழை நாளில் தண்ணீர் எங்கே தேங்குகிறது? இவற்றைக் குறிப்பேட்டில் பதியுங்கள். அக்குறிப்பேடு எந்தக் கட்டடக் கலைஞரின் வரைபடத்தைவிடவும் மதிப்புடையதாகும்.

அதன்பின் நகர சபையிடம் ஒரு மாத அனுமதி மட்டும் கேட்டு, கிடுகால் ஒரு பந்தல் போடுங்கள். நாற்பது கதிரை, நான்கு வாங்கு, இரண்டு தண்ணீர்ப் பானை, அன்றாடப் பத்திரிகைகள், மாலையில் ஒரு விளக்கு. செலவு சொற்பமே. யார் வருகின்றனர், எதை நாடுகின்றனர், எங்கே கதிரையை இழுத்துப் போட்டு அமர்கின்றனர் என்று கவனியுங்கள். ஒரு மாதம் மக்கள் வந்தால், கட்டத்தக்கது எது என்பதை அவர்களே காட்டித் தந்திருப்பர். வரவில்லையாயின், பல இலட்சம் ரூபாவை மண்ணில் கொட்டுமுன்னர் அதனை அறிந்துகொண்டோம் என்று மகிழ்வோம். மழை தொடங்குமுன் பத்து வேப்பங்கன்றையும் நாட்டி, ஒவ்வொன்றையும் ஒருவர் பொறுப்பேற்று நீர் ஊற்றுங்கள்.

பெரியோர்களே, உங்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. மண்டபமா, நிலையமா என்ற முடிவை இன்று எடுக்க வேண்டா. இளைஞரின் குறிப்பேடும் ஒரு மாதப் பந்தலின் கணக்கும் உங்கள் முன் வரும்வரை பொறுத்திருந்து, அவற்றை வைத்துத் தீர்ப்புக் கூறுங்கள். எண்ணிப் பார்த்த பின்னும் மண்டபமே நன்று என்று தோன்றினால், நாமும் உங்களோடு நின்று கல் சுமப்போம். திறந்த நிலையமே தகும் என்று தோன்றினால், முதல் மரக்கன்றை நாட்டும் கை உங்களில் ஒருவருடையதாக இருக்கட்டும். அதற்குத் தண்ணீர் ஊற்றும் கை இளைஞருடையதாக இருக்கும்.